மூத்த ஃபிட்டர்கள் இளையவர்களுக்குத் தொழிலைச் சொல்லித் தர மறுக்கிறார்கள். நிர்வாகம் என்ன செய்யலாம்?

முதலில் ஓவர்டைம் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ராத்திரி பிரேக்டவுன் என்றால் மூத்த ஃபிட்டரைத்தான் கூப்பிடுகிறீர்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர் வீட்டில் சீட்டும் கடனும் ஓடும். இன்னொரு பையன் கற்றுக்கொண்டால் அது போய்விடும். ஆள்குறைப்பு வந்தால் சம்பளம் அதிகமுள்ள தன் பெயர்தான் முதலில் வரும் என்ற பயமும் இருக்கும். அவருடைய குணத்தைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. சொல்லித் தருபவருக்கு மாதாமாதம் பயிற்சிப் படி கொடுங்கள், குறையப்போகும் ஓவர்டைமுக்கு ஈடாக. அதையும் எழுத்தில் கொடுங்கள்.

ஆனால் அவர் தரும் ஒவ்வொரு தொழில் குறிப்புக்கும் இத்தனை ரூபாய் என்று வைக்காதீர்கள். எண்ணிக்கை கூடும், ஒரே விஷயம் மூன்று துண்டாக வரும். ஜெராக்ஸ் நிறுவனத்தில் மெஷின் பழுதுபார்ப்பவர்கள் சாப்பிடும்போதும் காபி குடிக்கும்போதும் பேசிக்கொள்வதில்தான் உண்மையான தொழில் கைமாறுகிறது என்று மானுடவியலாளர் ஜூலியன் ஓர் கவனித்து எழுதினார். 1990களில் பிரான்சில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ‘யுரேகா’ ஏற்பாட்டில், ஒரு டெக்னீஷியன் அனுப்பும் குறிப்பை அனுபவமுள்ள சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள். பிறகு அது அவர் பெயருடனேயே எல்லோருக்கும் போகும். பெயர் இருந்ததால் மரியாதை வந்தது, தப்பாக எழுதக் கூடாது என்ற பொறுப்பும் வந்தது.

அடுத்தது, எங்கே எப்படிக் கேட்பது. பேரிங் எப்படி மாட்டுவது என்று மீட்டிங் ரூமில் கேட்டால் “சூடு பண்ணி மாட்டணும், அவ்வளவுதான்” என்பார். மெஷின் பக்கத்தில், வேலை நடக்கும்போதே கேளுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை வேகமாகத் தயார் செய்யப் பயன்பட்ட தாள் இன்றும் போதும்: அதில் இருந்தவை படி, கவனிக்க வேண்டியது என்ற இரண்டு பத்திகள், பின்னாளில் சேர்ந்த ‘ஏன்’ என்பதையும் சேர்த்து மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட்டில் பேரிங் மாட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். இண்டக்‌ஷன் ஹீட்டரில் சுமார் 110 டிகிரி வரை சூடாக்குவது படி. 125 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது கவனம். தாண்டினால் எஃகின் தன்மை மாறலாம். அடுத்த படி, ஷாஃப்ட்டில் படிபோல் உயர்ந்து நிற்கும் ஷோல்டரில் முட்டும்வரை தள்ளுவது. இங்கேதான் எழுதாமல் விட்டுப்போகும் விஷயம் இருக்கிறது: ஆறும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆறும்போது பேரிங் அகலத்திலும் சுருங்குவதால், கையை எடுத்தால் ஷோல்டருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். கிரீஸும் அப்படித்தான். “கொஞ்சமா வை” என்று அவர் சொன்னால் எவ்வளவு என்று கேட்டு அளவாக எழுதுங்கள்: சாதாரண வேகத்தில் ஓடும் பேரிங்குக்கு அதைச் சுற்றியிருக்கும் கூடான ஹவுசிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. அடைத்து வைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறும்.

தாள் எழுதியதோடு விடாதீர்கள். பையன் ‘ஏன்’ என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யட்டும், பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். வேறு ஷிஃப்ட் ஃபிட்டர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்தே வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். தமிழில் இருக்க வேண்டும், வடமாநிலத்து ஆட்கள் இருந்தால் இந்தியிலும். எல்லாமே ஷிஃப்ட் நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் தண்டனை மாதிரிதான் தெரியும்.

ஓய்வுபெறப் போகிறவரிடம் கடைசி மாதம் போய் உட்காராதீர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு ஷட்டவுனில்தான் திறக்கும் மெஷின்கள் உண்டு. அதனால் குறைந்தது ஒரு வருடம் முன்பே ஆளைக் கூட விட வேண்டும்.

இத்தனையும் செய்தபிறகு சூப்பர்வைசர் ஒருவர் “அப்போ இத்தனை நாளா தப்பாத்தான் மாட்டினியா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அந்த ஷிஃப்ட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தாளில் வரும் எதையும் மெமோவுக்கு ஆதாரமாக எடுக்க மாட்டோம் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். முதல் தாள் எழுதும் முன்பே சொல்லட்டும்.