காது மிஷின் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 47. போன மாதம் ஒரு குறிப்பில், "இரண்டு காதிலும் மிஷின் மாட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

மூன்று நான்கு வருடமாகவே கடைசி பெஞ்ச் பிள்ளைகள் பேசுவது எனக்குப் புரிவதில்லை. பிள்ளைகள்தான் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற வருடம் ஒரு பெண் எழுந்து ஏதோ கேட்டாள். "அதைத்தான் போன வாரமே நடத்திட்டேனே, நோட்டை எடுத்துப் பாரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் கேட்டது, "பாத்ரூம் போகட்டுமா டீச்சர்?"

இஎன்டி டாக்டரைப் பார்த்தேன். டெஸ்ட் எடுத்துவிட்டு, இரண்டு காதிலும் நடுத்தரமான குறைபாடு, மருந்து மாத்திரையில் சரியாகாது, மிஷின்தான் என்றார். தவணையில் 68,000 ரூபாய்க்கு வாங்கினேன். பன்னிரண்டு நாள் போட்டேன். ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுக்கிற சத்தம், மதியம் எவர்சில்வர் தட்டுகளின் சத்தம் எல்லாம் மண்டைக்குள் வந்து விழுகிறது. என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் பேசுவது மட்டும் பழையபடிதான். கழற்றி டிராயரில் வைத்து இரண்டு மாதம் ஆகிறது.

என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. மாமியார்தான், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்துல இது எதுக்கு, பரம்பரையா வர்றதுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?" என்கிறார். உங்களுக்கும் முதலில் இப்படித்தான் இருந்ததா? இல்லை, என் பணம் போனது போனதுதானா?

பெயர் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள டீச்சர்,

பணம் எங்கேயும் போகவில்லை, டிராயரில்தான் இருக்கிறது. மிச்சத்தை நிதானமாகப் படியுங்கள்.

எனக்கு 51 வயதில் போட்டார்கள். என்னை டெஸ்டுக்குத் துரத்தியது ஒரு ஃபோன். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நண்பர் ஒருவரின் அப்பா பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நண்பர்தான் கூப்பிட்டார். "அப்பா தேறிட்டாருங்க" என்று என் காதில் விழுந்தது. "ரொம்ப சந்தோஷங்க, நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. நானாவது அத்தோடு விட்டிருக்கலாம். "இனி கொஞ்சம் கொஞ்சமா நடக்க வையுங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அவர் சொன்னது, "அப்பா தவறிட்டாருங்க."

நடுவில் ஒரு 'வ' நழுவிவிட்டது, அவ்வளவுதான். மிச்சத்தை என் மனசு தனக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொண்டது. நண்பர் பெரிய மனசுக்காரர், இன்றைக்கும் பேசுகிறார். எனக்குத்தான் இதை எழுதும்போதுகூட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ வருடமாக நான் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன், மீதி ஊகம். எதிரில் இருப்பவரின் வாய், முகம், முந்தைய வாக்கியம், இவர் எதைப் பேசக்கூடியவர் என்கிற அனுமானம். உங்கள் பாடத்தில் ஒரு எண் தொடரின் நான்கு உறுப்பைக் கொடுத்து ஐந்தாவதைக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களே, அந்தக் கணக்கை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலமானால் காரணமே இல்லாமல் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். சர்க்கரை இருக்குமோ என்று ரத்தம்கூடப் பரிசோதித்தேன். உங்களுக்கும் நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டெஸ்ட் உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணாடி வைத்த சின்ன அறை, ஹெட்ஃபோன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கனத்த ஒலியான 250 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சொலியான 8000 வரை. வரைபடத்தில் என் கோடு 1000 வரைக்கும் சமதரையில் போய், அப்புறம் திம்பம் மலையில் பஸ் இறங்குகிற மாதிரி இறங்கியது. 4000 பக்கத்தில் ஒரு குழி. சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் காதில் அந்த இடத்தில் குழி விழுவது வழக்கம் என்றார் கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட். பிறகு ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சாதாரணச் சொற்களைச் சொல்லச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் 'பல்' என்றார், நான் 'கல்' என்றேன். அவர் 'சட்டை' என்றார், நான் 'கட்டை' என்றேன். தைரியமாகவே சொன்னேன், சந்தேகமே இல்லை எனக்கு. அட்டை இல்லாமல் அதே சொற்களைச் சொன்னபோது பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டேன். வாயைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறேன் என்பது அந்த அட்டையால்தான் தெரிந்தது.

ஏன் இப்படி? உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் மிக நுண்ணிய முடி கொண்ட செல்கள். கீச்சென்ற ஒலிகளுக்கானவை வாசல் பக்கம், கனத்த ஒலிகளுக்கானவை உள்கோடியில். வயதானாலும், இரைச்சலில் கிடந்தாலும் பெரும்பாலும் முதலில் போவது வாசல் பக்கம். போனவை நமக்குத் திரும்ப முளைப்பதில்லை. இதில் தமிழ் படித்தவனுக்கு ஒரு வேடிக்கை உண்டு. அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த, பலமான ஒலிகள், நன்றாகவே கேட்கும். ம, ன, ண போன்ற மெல்லினமும் அனேகமாகத் தப்பிவிடும். க, ச, த, ப இருக்கிறதே, அவற்றை அடையாளம் காட்டுகிற ஒலி மேலே, கீச்சுப் பகுதியில், மிகக் கொஞ்சமாக இருக்கிறது. நம் இலக்கணத்தில் அது வல்லினம். நோஞ்சான் காதுக்கு அதுதான் மெல்லிய இனம். அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்கிறோம்.

கேட்காத ஒலி கேட்கவில்லை என்பது நமக்கே தெரியாது என்பதற்கு என் வீட்டுத் தெர்மாமீட்டர் சாட்சி. பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். அளந்து முடித்ததும் பீப் அடிக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. அடிக்கவில்லை. மாற்றி வாங்கினேன். அதுவும் அடிக்கவில்லை. மூன்றாவதைக் கடைக்காரர் என் முன்னாலேயே வாயில் வைத்துக்காட்டி, "இதா அடிக்குதுல்ல சார்" என்றார். அடிக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது நடந்து நான்கு வருடம் கழித்து, மிஷின் போட்ட முதல் வாரத்தில் ஒரு நாள் பக்கத்து அறையிலிருந்து பூச்சி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மனைவியின் கையில் அதே தெர்மாமீட்டர்.

சரி, உங்கள் இரைச்சலுக்கு வருகிறேன்.

என் அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினார். கல்லூரி முடிக்கும்வரை நானும் லீவு நாட்களில் அங்கேதான். நாடா (ஊடு நூலோடு குறுக்கே ஓடும் கட்டை) அடிக்கும் பழைய விசைத்தறிகள் இருபது ஓடுகிற கூடத்தில் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85-க்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் நின்றாலே காதுக்குக் கேடு என்கிறார்கள், அங்கே ஷிஃப்ட் 12 மணி நேரம். அதற்குள் யாரும் பேசுவதில்லை, கைதான் பேசும். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது. அப்பாவுக்கு ஐம்பதிலேயே காது மந்தம். நாங்கள் மெதுவாகச் சொன்னால் "என்ன?" என்பார். கத்தினால், "ஏன்டா கத்தற, நான் என்ன செவிடனா? தெளிவாச் சொல்லு" என்று எரிந்து விழுவார். இதைவிட அழிச்சாட்டியம் உண்டா என்று அம்மாவும் நாங்களும் சிரிப்போம்.

அது அழிச்சாட்டியம் இல்லை. செல்கள் போன காதில் மெல்லிய சத்தம் ஏறாது, ஆனால் பெரிய சத்தம் எல்லோருக்கும் போலவே, சில சமயம் அதைவிடக் கூர்மையாகவே விழும். 'கேட்கவில்லை' என்பதற்கும் 'தாங்கவில்லை' என்பதற்கும் நடுவே உள்ள இடம் சுருங்கிவிடுகிறது. உங்கள் எவர்சில்வர் தட்டு விஷயம் இதுதான். மெல்லிய ஒலியை அதிகமாகவும், பெரிய ஒலியைக் குறைவாகவும் கூட்டி, எந்த அளவைத் தாண்டவே கூடாது என்றும் டிஜிட்டல் மிஷினில் வைக்க முடியும். அதை வைப்பது ஆடியாலஜிஸ்ட், கம்ப்யூட்டரில். முதல் நாள் வைத்ததே கடைசி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் தவறு. நான் முதல் மூன்று மாதத்தில் ஐந்து தடவை போனேன். நம் ஆட்கள் மிஷின் வாங்கிக் கழற்றி வைப்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, பெரிய காரணம் இந்த இரண்டாவது தடவை போகாததுதான். விலையில் அந்தச் சேவையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் வாங்கியிருப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

போகும்போது "இரைச்சலாக இருக்கிறது" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்தச் சத்தம், எந்த இடம், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குடத்துக்குள்ளிருந்து வரும் குரலுக்கு வேறு வைத்தியம். காதுத் துளையை ரப்பர் மூடி முழுசாக அடைத்தால் நம் குரல் உள்ளேயே சுற்றும். ஓட்டை போட்ட மூடி இருக்கிறது, உங்கள் காதுக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீதிப் பாதி பழக்கத்தில் போய்விடும்.

ஃபேன் சத்தம் உண்மையிலேயே அங்கே இருந்த சத்தம்தான் டீச்சர், எல்லோரும் கேட்டுக்கொண்டே கேட்காமல் இருக்கிறார்கள். நமக்கு மறந்துபோன அந்த வித்தையை மூளை திரும்பப் பழக வேண்டும். எனக்கு ஃபேன் அடங்க மூன்று வாரம் ஆனது, ஃபிரிட்ஜ் அடங்க இரண்டு மாதம். நீங்கள் செய்த ஒரே தப்பு, நேராக வகுப்பறைக்குப் போட்டுக்கொண்டு போனது. அறுபது பிள்ளைகள் உள்ள அறை கடைசிப் பாடம், அதை முதல் நாளே எடுத்துவிட்டீர்கள். வீட்டில் மூன்று நான்கு மணி நேரம் என்று தொடங்கி, ஒரே ஆளோடு பேசிப் பாருங்கள். காலையில் பேப்பரை வாய்விட்டுப் படியுங்கள். தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள்.

பொய் சொல்லக் கூடாது, கடைசி பெஞ்ச் முழுசாகத் திரும்பி வராது. கேட்கும் பிள்ளை எழுந்து நின்று முகம் தெரியப் பேசட்டும், நீங்களும் இரண்டடி முன்னால் போங்கள். என்ன காரணம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. கல்யாண மண்டபத்தில் மேளம் ஆரம்பித்ததும் நானே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். காது மந்தம் அதற்கான ஆபத்துகளில் ஒன்று என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2020-இலும் 2024-இலும் பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் 70 வயது தாண்டியவர்களுக்கு மிஷின் கொடுத்து மூன்று வருடம் பார்த்து, 2023-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் மூளைத் திறன் குறைவதில் மொத்தமாக வித்தியாசம் தெரியவில்லை, ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்தவர்களிடம்தான் பலன் தெரிந்தது. பயந்துகொண்டு போட வேண்டியதில்லை. உங்களுக்கு இன்றைக்கு வகுப்பு நடத்த வேண்டியிருக்கிறது, அது போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், அது வேறு சமாச்சாரம். ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு வருவது எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெரிதாக்குகிற பெட்டி, நானும் ஒன்று வாங்கித் தூக்கிப் போட்டேன். கையில் காசில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் திம்பம் ஏறி மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்துக்கும் போவார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். பெண்ணைப் பெற்றவர்களின் பயம் அது, அப்படிப் பேசுகிறவர்களும் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். நடுவயதில் காது மங்குவதற்குப் பரம்பரையும் ஒரு காரணமாகலாம், இரைச்சல், பழைய காதுச் சீழ், சில மருந்துகள் என்று வேறு பலவும் உண்டு. உங்களுக்கு எது என்று டாக்டரிடமே கேட்டு, மாமியாருக்கும் சொல்லிவிடுங்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஹாலில் பத்துப் பேர், மேலே ஃபேன், ஒரே சமயத்தில் நாலு பேச்சு. பையனின் அம்மா ஏதோ கேட்பார், நீங்கள் ஊகிப்பீர்கள். ஊகித்து நான் என்ன சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

டிராயரைத் திறந்ததும் ஒரு வேலை. உங்கள் மிஷின் பேட்டரி போடுகிற வகை என்றால் உள்ளே இருப்பதைக் கழற்றிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட்டுவிடுங்கள். இந்த பேட்டரிகள் காற்றில் ஓடுபவை, ஸ்டிக்கரை உரித்த நிமிடத்திலிருந்து மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் அது காலி. மிஷினை வியர்வை போகத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சுகிற நீல மணிகள் போட்ட டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். புது பேட்டரி எந்த நிற ஸ்டிக்கர் என்று பார்த்து வாங்குங்கள், எனக்கு பிரவுன், 312. உரித்ததும் உடனே உள்ளே போட்டு மூடாமல் ஒரு நிமிடம் மேசையில் வையுங்கள், காற்று உள்ளே போகட்டும்.

அன்புடன்.