ஹென்றி செய்தது ரத்து

கேள்வி: எட்டாம் ஹென்றி விவாகரத்துக்காக மதத்தையே மாற்றியவன் என்று படித்தேன். அப்படியானால் ஐரோப்பாவில் 400, 500 வருடங்களுக்கு முன்பே விவாகரத்து சர்வசாதாரணமா? நம் ஊரில் இப்போதுதானே குடும்பநல கோர்ட்டில் கூட்டம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ‘விவாகரத்து’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த ‘ரத்து’வைப் பிடித்துக்கொள்கிறேன். முன்பு ஒருமுறை இந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மூன்று தபால் அட்டை எழுதினார். விவாகம் வடமொழி, ரத்து உருது வழியாக வந்தது, இந்த இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தது யார், ‘மணமுறிவு’ என்று போடும் என்று உத்தரவு. மூன்றாவது அட்டையில் ‘ஐயா’ போய் ‘ஓய்’ வந்துவிட்டது. அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

ரயில் ரத்து என்றால் என்ன அர்த்தம்? ரயில் கிளம்பவே இல்லை. பாதி வழியில் இஞ்சின் படுத்துவிட்டால் அதை யாரும் ரத்து என்று சொல்வதில்லை. இங்கிலாந்து ராஜா ஹென்றி கேட்டது முதல் வகை. ஸ்பெயின் இளவரசி காதரினோடு 1509-ல் கிளம்பிய வண்டி 24 வருடம் ஓடி, நடுவில் மேரி என்ற மகளும் ஏறி உட்கார்ந்த பிறகு, வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பவே இல்லை என்று சாதித்தான். காரணம்: காதரின் அவனுடைய செத்துப்போன அண்ணன் ஆர்தரின் மனைவி. அண்ணியைக் கட்டியது தெய்வ குற்றம், ஆகவே கல்யாணமே செல்லாது. கட்டும்போது போப்பாண்டவரிடம் தனி அனுமதி வாங்கித்தான் கட்டினான். அது வசதியாக மறந்துவிட்டது.

1529-ல் லண்டனில் விசாரணை. ஆர்தரும் காதரினும் உண்மையில் சேர்ந்து வாழ்ந்தார்களா என்பதுதான் முக்கியமான கேள்வி. பெரிய பெரிய பிரபுக்கள் வந்து சாட்சி சொன்னார்கள். முதலிரவு முடிந்த காலையில் ஆர்தர் கதவைத் திறந்து, “ராத்திரி ஸ்பெயினுக்கு நடுவில் இருந்துவிட்டு வருகிறேன், குடிக்க ஏதாவது கொண்டுவா” என்ற பொருளில் பேசினானாம். பதினைந்து வயதுப் பையன் 28 வருடத்துக்கு முன் அடித்த ஜம்பம் சர்வதேச சட்டப் பிரச்னை ஆனது. காதரின் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தாள். போப் இழுத்தடித்தார். அவர் என்ன செய்வார், பாவம். 1527-லிருந்து ரோமில் காதரினுடைய அக்கா மகன் சார்லஸ் சக்கரவர்த்தியின் கை ஓங்கியிருந்தது. கடைசியில் போப்பை ஒதுக்கிவிட்டு, 1533 மே மாதம் உள்ளூர் ஆர்ச்பிஷப் கிரான்மர் ‘செல்லாது’ என்று தீர்ப்பெழுதினார்.

அடுத்தவள் ஆன் பொலின். 1536-ல் அவள் தலையை வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கல்யாணமும் ரத்து. அவள் மேல் போட்ட குற்றம் கள்ளத்தொடர்பு. கல்யாணமே நடக்கவில்லை என்றால் யாருக்குத் துரோகம் செய்தாள்? இதை அந்தக் கோர்ட்டில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அடுத்த தலை அவருடையது. நாலாவது மனைவி ஆறு மாதத்தில் ரத்து. ஆக மொத்தம் ஆறு மனைவி, மூன்று ரத்து, இரண்டு தலை, முறிவு பூஜ்யம். இந்த விஷயத்தில் ‘விவாகரத்து’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இல்லை. முதல் அட்டைக்குப் பதில் முடிந்தது.

ஏன் இந்தச் சுற்றுவழி? சர்ச்சுக்கு முறிவு என்ற வழியே கிடையாது. ஒன்று, கல்யாணம் நடக்கவே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி உதை, சோரம் என்று சொல்லி ‘மேசையும் கட்டிலும் தனி’ என்ற லத்தீன் உத்தரவை வாங்கவேண்டும். நம் பாஷையில் இலை தனி, பாய் தனி. தாலி மட்டும் கழுத்தில். ஒருவர் சாகும்வரை இன்னொருவர் மறுமணம் செய்யமுடியாது.

அதனால் ரத்துக்குக் கிராக்கி. பிரான்ஸில் அதற்குச் சுலபமான வழி கணவனுக்கு ஆண்மை இல்லை என்பது. அவன் மறுத்தால்? டாக்டர்களும் மருத்துவச்சிகளும் காத்திருக்க, கணவனும் மனைவியும் திரைக்குள் போய் நிரூபிக்கவேண்டும். இந்தச் சோதனைக்குப் பெயர் ‘காங்கிரஸ்’. சத்தியமாக. கட்சிக்காரர்கள் கோபிக்கவேண்டாம், கூடுவது என்றுதான் அர்த்தம். லாஞ்சே என்ற மார்க்கி, அதாவது ஒரு பிரபு, வீறாப்பாகத் தானே இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கினார். பாரிஸ் முழுக்க இதே பேச்சு. இரண்டு பச்சை முட்டை கொண்டுவரச் சொன்னார் என்று அந்தக் காலத்து வம்பு எழுத்தாளர் ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். முட்டை வேலை செய்யவில்லை. 1659-ல் கல்யாணம் ரத்து. மனிதர் வேறு ஒருத்தியைக் கட்டி வரிசையாக ஏழு பிள்ளை பெற்றார்! கோர்ட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 1677-ல் அந்தச் சோதனையையே தடை செய்துவிட்டார்கள்.

புராட்டஸ்டண்ட் ஊர்களில்தான் உங்கள் தமிழாசிரியரின் சொல் செல்லுபடியாகும். (உங்கள் ஆசிரியர் இல்லை, என் ஆசிரியர், கோபத்தில் கை மாறிவிட்டது.) ஜெனீவாவில் சோரத்துக்கும் விட்டுவிட்டு ஓடிப்போனதற்கும் நிஜமான முறிவு உண்டு, மறுமணமும் உண்டு. தயாளமாகக் கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள், கூடியவரை சேர்த்துவைத்து அனுப்பவே பார்ப்பார்கள். ஆனாலும் அந்த ஊர் மதத் தலைவர் கால்வினுடைய சொந்தத் தம்பியே 1557-ல் அப்படி முறித்துக்கொண்டார். மனைவி கால்வினின் வேலைக்காரனோடு பழகினாள் என்று வழக்கு. ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொன்னவர் வீட்டுக்குள்ளேயே.

இங்கிலாந்தில் கவிஞர் மில்டனுக்கு இந்த வழி கிடைக்கவில்லை. 1642-ல் தன் வயதில் பாதியே ஆன பெண்ணைக் கட்டினார். ஒரு மாதத்தில் அவள் தாய்வீடு போனாள். நம் ஆடி மாதக் கணக்குதான். புரட்டாசியில் திரும்புவதாகப் பேச்சு. வரவில்லை. அதற்குள் உள்நாட்டு யுத்தம், மாமனார் வீடு ராஜா கட்சி, மாப்பிள்ளை எதிர்க்கட்சி. மில்டன் 1643-ல், மனம் ஒத்துப்போகாவிட்டாலே பிரியலாம் என்று அனுமதி வாங்காமல் துண்டுப்பிரசுரம் போட்டார். பாதிரியார்கள் பாய்ந்தார்கள், பார்லிமெண்ட் உறுப்பினர்கள் முன்னாலேயே அவரைத் திட்டிப் பிரசங்கம் நடந்தது. அந்தச் சூட்டில் 1644-ல் அவர் எழுதியதுதான், அச்சிடுவதற்கு முன் அரசாங்க அனுமதி எதற்கு என்று கேட்கும் புகழ்பெற்ற பிரசுரம். ஒரு பெண் ஆடிக்குப் போய்த் திரும்பாததில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இவ்வளவு லாபம். எங்கள் தொழிலில் அவளுக்கு ஒரு படம் மாட்டியிருக்கவேண்டும். 1645-ல் அவளும் திரும்பி வந்து குடித்தனம் நடத்தினாள்.

சரி, சர்வசாதாரணமா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் மறுமணத்துக்கு வழிவிடும் முறிவு வேண்டுமானால் பார்லிமெண்ட் உங்களுக்கென்றே தனிச் சட்டம் போடவேண்டும். 1670-ல் ரூஸ் பிரபுவுக்காக வந்த மசோதாவின் விவாதத்தைக் கேட்க இரண்டாம் சார்லஸ் ராஜாவே வந்து உட்கார்ந்தார். நாடகத்துக்குக் குறைவில்லை என்று ரசித்தாராம். அவர் ராணிக்கும் குழந்தை இல்லை. ராஜா எதற்காகக் குறிப்பெடுக்கிறார் என்று சபையில் பலருக்கும் சந்தேகம். அப்போது தொடங்கி 1857-ல் கோர்ட்டுக்கு அதிகாரம் வரும்வரை, 187 வருடத்தில் சுமார் 325 சட்டம். அதில் பெண் கேட்டு வாங்கியது நாலே நாலு. மனைவி தப்பு செய்தாள் என்றாலே கணவனுக்குப் போதும். கணவன் தப்பு செய்தான் என்பது மட்டும் மனைவிக்குப் போதாது. 1801-ல் முதன்முதலில் ஜெயித்த பெண்ணின் கணவன் தொடர்பு வைத்திருந்தது அவளுடைய சொந்தச் சகோதரியோடு.

நம் ஊர்க் கூட்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வராந்தாவில் ‘சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும்’ என்ற மனுவோடு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்து திருமணச் சட்டம், 1955, ஒன்பதாம் பிரிவு. இதை எடுத்துவிடலாமா என்று யாராவது பேசினால் போதும், நம் கலாசாரம் என்னாவது என்று டி.வி.யில் மேசையைத் தட்டுகிறார்கள். அது இங்கிலாந்து சர்ச் கோர்ட்டின் சரக்கு. வீட்டை விட்டுப் போனவரைத் திரும்பப் போய்ச் சேர் என்று சொல்லும். மறுத்தால் சர்ச்சிலிருந்து விலக்கிவைக்கும். வெள்ளைக்காரன் கோர்ட் வழியாக இங்கே இறங்கியது. இங்கிலாந்து அதை 1970-ல் தூக்கிப் போட்டுவிட்டது. நாம் பொட்டு வைத்து வைத்திருக்கிறோம்.

தமிழாசிரியருக்கு: ஜெனீவாவுக்கு உங்கள் சொல், ஹென்றிக்கு என் சொல். நாலாவது அட்டை வேண்டாம், ஓய்.