மாரி தொடங்கும்போது வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புரட்டாதிக் கடைசியில் கொச்சிக்காய் (மிளகாய்) விதை போட்டேன். நன்றாக முளைத்தது. முதல் மழைக்குப் பிறகு நாற்றுகள் அடித்தண்டில் நூல்போல மெலிந்து, வட்டம் வட்டமாகச் சாய்கின்றன. காப்பாற்ற வழியுண்டா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இது நாற்றழுகல். ஈரம் கூடிய மண்ணில் பெருகும் பங்கசு என்னும் பூஞ்சணம்தான் காரணம். சாய்ந்தவை பிழைக்கமாட்டா. அவற்றையும் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கைப்பிடி ஆழத்துக்கு அள்ளி வெளியே போடுங்கள். மிச்ச நாற்றுகளுக்கு இரண்டு நாள் தண்ணீர் காட்ட வேண்டாம். நெருக்கமாக நிற்பவற்றைக் கலைத்துவிடுங்கள்.

எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள கடற்கரைப் பக்கம்) மணலில் தண்ணீர் நிற்காது என்று நம்பிச் சமதரையில் விதைக்கிறார்கள். கோடையில் அது சரி. மாரியில் நிலத்தடி நீர் மேலேறி வருவதால் வேர் மட்டம் ஈரத்திலேயே கிடக்கும். அடுத்த தடவை ஒரு மீற்றர் அகலத்தில் 15 சென்ரிமீற்றர் உயரமாகப் பாத்தி கட்டுங்கள். அதை நனைத்து, மேலே வைக்கோலும் உமியும் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, காற்று போய்ச்சேரும் பக்கத்திலிருந்து, தீ காற்றுக்கு எதிராக நகரும்படி கொளுத்துங்கள். மெல்ல எரிந்தால்தான் சூடு மண்ணுக்குள் இறங்கும். ஆறிய பிறகு சாம்பலை ஒதுக்கி, 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் கோடு கீறி, விதையை ஐதாகப் போடுங்கள். மேலே வளைகம்பியில் பொலித்தீன் கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். முழுதாக மூடினால் உள்ளே வியர்த்து அதே நோய் திரும்பும். தண்ணீர் காலையில் மட்டும். நாலைந்து கிழமையில் நாற்றைப் பிடுங்கி நடலாம்.

கேள்வி: காய்க்கத் தொடங்கிய தக்காளியும் கத்தரியும் இலை பச்சையாக இருக்கும்போதே வாடிச் சாகின்றன. மருந்து அடித்தும் பயனில்லை.
– வாசகர், வெல்லாவெளி

பதில்: அடித்தது பங்கசு மருந்தாக இருந்தால் பயன் கிடைக்காது. நீங்கள் சொல்வது பக்ரீரியா வாடல் போலத் தெரிகிறது. உறுதிப்படுத்த எளிய சோதனை உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, கீழ்வெட்டு மட்டும் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போல வெண்ணூல்கள் கீழே இறங்கினால் அதுதான். இறங்காவிட்டால் வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழு. கறுத்துக் கெட்ட மணம் வீசினால் தண்ணீர் தேங்கிய அழுகல். அதில் பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும்.

பக்ரீரியா வாடலுக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், கூட்டெருவில் போடாதீர்கள். கிருமி மண்ணில் பல காலம் கிடக்கும். ஓடும் தண்ணீர், மண்வெட்டி, கத்தி எல்லாவற்றோடும் நகரும். அதனால் ஒரு பாத்தியின் வடிநீர் அடுத்த பாத்தி வழியாகப் போகக்கூடாது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் களிமண்ணில் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். பாத்தியை 30 சென்ரிமீற்றர் உயர்த்தி, இடையே வாய்க்கால் வெட்டி, தண்ணீரை நேரே வெளியேற்றுங்கள்.

அந்த இடத்தில் இரண்டு மூன்று வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, கொச்சிக்காய் எதுவும் வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம். சோளம், பயற்றை, வெண்டி வையுங்கள். கத்தரி இல்லாமல் முடியாது என்றால் சுண்டங்கத்தரி நாற்றில் ஒட்டிய கன்றை நடுங்கள். அதன் வேர் இந்த நோயை நன்கு தாங்கும். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்தால் மேல்தண்டு தானே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: கனடாவிலுள்ள மகள் இலையுதிர் காலத்தில் உள்ளியும் டியூலிப் கிழங்கும் நடுகிறாள். எனக்கும் அனுப்பவா என்கிறாள். இங்கே வருமா?
– வாசகி, கல்லடி

பதில்: வராது. அங்கே ஒக்டோபரில் நட்டால் கிழங்கு பனிக்காலம் முழுக்கக் குளிரில் கிடக்கும். டியூலிப்புக்குப் பூத்தண்டு நீள மூன்று மாதமளவு குளிர் வேண்டும். உள்ளிக்கும் குளிர் பட்டால்தான் பல் பிரியும். மட்டக்களப்பில் மார்கழி இரவிலும் அந்தக் குளிர் இல்லை. மேலும், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில் அனுமதியின்றி நடுகைப் பொருள் தருவிப்பது சரியல்ல. நோயும் கூடவே வரும்.

கிழங்குப்பூ ஆசையென்றால் மழைலில்லி வையுங்கள். நல்ல மழை விழுந்த சில நாளில் பூக்கும். கார்த்திகைப்பூவும் இந்தப் பருவத்துக்கே உரியது. அதன் கிழங்கில் ஒரு முனையில் மட்டுமே முளை வரும். முளை ஒடியாமல் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடையாகப் புதைத்து, இலைநுனி பற்றிப் படர மெல்லிய கம்பு ஊன்றுங்கள். கொடி முழுதும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. சிறுபிள்ளைகள், ஆடுகள் உள்ள வளவில் வேண்டாம்.

கேள்வி: தைப்பொங்கலுக்கு முற்றத்தில் செவ்வந்தி பூக்க எப்போது விதைப்பது?
– வாசகர், திருக்கோவில்

பதில்: இலை மணக்கும் மஞ்சள், செம்மஞ்சள் செவ்வந்தியைக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறோம். குட்டை இனத்தை நவம்பர் முதற்கிழமையில் போடலாம். உயர இனத்தில் நாலைந்து சோடி இலை வந்ததும் நுனி கிள்ளினால் கிளைத்து நிறையப் பூக்கும். ஆனால் பூ ஒன்றிரண்டு கிழமை தள்ளிப்போகும், ஆகவே ஒக்டோபர் மூன்றாம் கிழமைக்குள் விதைத்துவிடுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் மதாளிக்கும். மழையில் நனைந்து பழுப்பான பூவை உடனே கிள்ளிவிடுங்கள். அழுகல் மொட்டுக்கும் பரவும்.

கேள்வி: இரவில் பெரிய நத்தைகள் கீரையை மொட்டையடிக்கின்றன. உப்புத் தூவலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பாத்தியில் தூவாதீர்கள், கீரையும் கருகும். மாலையில் ஈரச்சாக்கை விரித்து, அடியில் பப்பாசி இலை வையுங்கள். விடியுமுன் சாக்கைப் புரட்டினால் அடியில் கூடியிருக்கும். கையுறையோடு பொறுக்கி, உப்பை நிறையக் கரைத்த வாளியில் போட்டு, செத்த பிறகு பாத்திக்கு எட்ட ஆழமாகப் புதையுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்; மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரும் புழு அவற்றில் இருக்கலாம். அந்தப் பாத்திக் கீரையைப் பச்சையாகச் சம்பல் போடாமல், கழுவி அவித்துச் சாப்பிடுங்கள்.