இருக்கலாமா, இருக்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்திரம் பழுதானால் காரணத்தையும் விளைவையும் ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதித் தர வேண்டும். சென்ற மாதம் ஒரு மோட்டார் நின்றுபோனது. "கிரீஸ் இல்லாததால் பேரிங் போய்விட்டது" என்று எழுதினேன். "பக்கத்தில் நின்று பார்த்தீர்களா?" என்று மேலாளர் கேட்டார். அடுத்த அறிக்கையில் வரிக்கு வரி 'மே' (may) போட்டேன். "எதையுமே உறுதியாகச் சொல்ல மாட்டீர்களா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மே, மைட் (might), குட் (could), மஸ்ட் (must) ஒவ்வொன்றும் எத்தனை சதவீத உறுதி என்று ஒரு அட்டவணை கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

ர.

அன்புள்ள ர.,

அட்டவணை தர எனக்கு மனமில்லை. 'மைட்' என்பது 'மே'யைவிடக் கொஞ்சம் தளர்ந்தது என்று சொல்லித் தருவார்கள். நடைமுறையில் மே, மைட், குட் மூன்றும் 'இருக்கலாம்' என்ற ஒரே இடத்தில்தான் பெரும்பாலும் நிற்கின்றன. எண்ணே வேண்டும் என்பவர்கள் வேறு சொற்களை எடுத்துக்கொண்டார்கள். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசி, 'லைக்லி' என்றால் 66 சதவீதத்துக்கு மேல், 'வெரி லைக்லி' என்றால் 90க்கு மேல் என்று வரையறுத்து எழுதுகிறது. அந்த அளவுகோலில் மே, மைட் எதற்கும் இடமில்லை.

உங்கள் மேலாளர் இரண்டு முறையும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: இது உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். பேரிங்கைக் கழற்றினீர்கள், உள்ளே காய்ந்து கிடந்தது, சூட்டில் நீலம் பாரித்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது கண்ணால் கண்டது. அதற்கு 'வாஸ்' போதும், துணைக்கு எந்தச் சொல்லும் வேண்டாம். கிரீஸ் இல்லாமல் ஓடியதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் தடயம் வேறு எங்கும் போக விடவில்லை. அங்கே 'மஸ்ட் ஹேவ்'. கிரீஸ் ஏன் இல்லாமல் போனது? சீல் கிழிந்திருக்கலாம், கிரீஸ் வைக்க மறந்திருக்கலாம். இரண்டு வழியும் திறந்தே இருப்பதால் 'மே ஹேவ்' அல்லது 'குட் ஹேவ்'. மின்னழுத்தம் ஏறியிருக்குமோ என்றால், பதிவுக் கருவி இரவு முழுக்க ஒரே அளவைக் காட்டுகிறது. ஆகவே 'கான்ட் ஹேவ்'. ஒரே பத்தியில் நான்கு வகை வாக்கியம். எல்லாவற்றுக்கும் மே போட்டபோது நீங்கள் கண்ணால் கண்டதும் ஊகமாகிவிட்டது.

'மஸ்ட்' என்பதன் எதிர்ப்பக்கம் 'கான்ட்' என்பதைக் கவனியுங்கள். 'மஸ்ட் நாட்' என்று எழுதினால் பெரும்பாலும் 'செய்யாதே' என்ற தடையாகத்தான் படிப்பார்கள். அதேபோல், உடன்பாட்டில் ஒன்றாக நடக்கும் மேயும் குட்டும் எதிர்மறையில் பிரிந்துவிடும். 'மே நாட் ஹேவ்' என்றால் நடக்காமல் இருந்திருக்கலாம். 'குட் நாட் ஹேவ்' என்றால் நடந்திருக்கவே முடியாது. விசாரணை அறிக்கையில் இந்த இரண்டும் இடம் மாறினால் ஒருவர்மேல் வீணாகப் பழி விழும்.

நம்மவர்கள் அதிகம் இடறும் இடம் வேறு. அதற்குக் காரணம் தமிழ்தான். "கிரீஸ் வைத்திருக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம். வைத்தார்கள் என்று நான் ஊகிக்கிறேனா? வைக்காமல் விட்டார்கள் என்று குறை சொல்கிறேனா? தமிழில் இரண்டுக்கும் இதே வாக்கியம்தான், சொல்லும் தொனியில் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'மஸ்ட் ஹேவ்', இரண்டாவதற்கு 'ஷுட் ஹேவ்'. தமிழில் யோசித்து எழுதும்போது கை 'ஷுட்' பக்கம் போய்விட்டால், காரணம் சொல்ல வந்த வாக்கியம் குற்றச்சாட்டாக மாறிவிடும். இதை நான் பலருடைய எழுத்தில் பார்த்திருக்கிறேன்.

சரி, விளைவுக்கு வருவோம். 'கேன்' என்பதன் இறந்தகாலம் 'குட்' என்று பள்ளியில் படித்தது இங்கே காலை வாரிவிடும். "திஸ் குட் டேமேஜ் தி ஷாஃப்ட்" என்பதில் இறந்தகாலமே இல்லை. இனிமேல் ஷாஃப்ட் சேதமாகக்கூடும் என்பதுதான் பொருள். 'கேன்' போட்டால் பேச்சு பொதுவாகிவிடும்: ஈரம் ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கும் தன்மை உள்ளது, எங்கேயும் எப்போதும். இந்த எந்திரத்தில், இந்த வாரம் என்று குறிப்பாக எச்சரிக்க 'குட்' அல்லது 'மே'. நாளை மழை வரலாம் என்பதற்கு 'கேன் ரெயின்' சரிவராததும் இதனால்தான்.

அப்புறம், நடக்காமல் தப்பிய விளைவு. அடுத்த அறைக்குத் தீ பரவவில்லை என்று உங்களுக்குத் தெரியும், யாரோ சரியான நேரத்தில் அணைத்துவிட்டார்கள். அங்கே 'மைட் ஹேவ் ஸ்ப்ரெட்' அல்லது 'குட் ஹேவ் ஸ்ப்ரெட்' என்றே எழுதுங்கள். 'மே ஹேவ் ஸ்ப்ரெட்' என்றால், பரவியதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்று படித்துவிட்டுப் போய்ப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். இன்று பலர் இந்த வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டார்கள். அறிக்கையில் அதைக் காப்பாற்றுவது நல்லது என்பது என் பிடிவாதம்.

ஒரு சின்ன 'மே' எவ்வளவு சுமக்கும் என்பதற்கு எனக்கு உடனே நினைவு வருவது அமெரிக்க சிகரெட் பெட்டி. 1965இல் வந்த சட்டப்படி அதில் அச்சிட்ட எச்சரிக்கை, புகைப்பது உடல்நலத்துக்கு 'மே பி ஹஸார்டஸ்', அதாவது கேடாக இருக்கலாம் என்றது. 1970இல் கையெழுத்தான அடுத்த சட்டம் 'மே'யை எடுத்துவிட்டு 'இஸ் டேஞ்சரஸ்' என்றது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நான்கு வாசகங்களில் ஒன்று இன்னும் நுட்பமானது. நுரையீரல் புற்றுநோய், இதயநோய், எம்ஃபஸீமா என்ற நுரையீரல் நோய் ஆகிய மூன்றுக்கும் 'காஸஸ்', அதாவது உண்டாக்குகிறது என்று நேராகவே சொல்லிவிட்டு, கர்ப்பத்தைப் பற்றி வரும்போது 'மே காம்ப்ளிகேட்', அதாவது சிக்கலாக்கலாம் என்று இறங்குகிறது. ஒரே வாக்கியத்துக்குள், எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் ஒரு 'மே'. உங்கள் அறிக்கையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

'மே பாஸிப்ளி', 'மைட் பெர்ஹாப்ஸ்' என்று இரட்டைப் பூட்டுப் போடாதீர்கள், ஒன்றே போதும்.

மோட்டார் அறிக்கையை மறுபடி எழுதி எனக்கு அனுப்புங்கள். பேரிங்கை மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்ற வரியில் 'வில்' வருமா, 'குட்' வருமா என்பது அந்த எந்திரத்தை அறிந்த உங்களுக்குத்தான் தெரியும்.