பெரிய டெக் கம்பெனியில் சேர்ந்து சில வாரமாகியும் ஒரு வரி கோடுகூட (புரோகிராம்) எழுதி ஏற்றவில்லை. இது சகஜமா?

சகஜம்தான். சின்ன ஊரில் படித்துவிட்டு நேராகப் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ சேர்ந்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன். லேப்டாப் வந்திருக்கும், கம்பெனி சிஸ்டங்களுக்குள் நுழைய வேண்டிய ஆக்சஸ் பாதிகூட வந்திருக்காது. மீட்டிங்கில் எல்லோரும் மூன்றெழுத்துச் சுருக்கப் பெயர்களிலேயே பேசுவார்கள். பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் ஏதோ முடித்துவிட்டார் என்ற பதற்றம் வேறு.

மற்ற நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் சர்வீஸ் கம்பெனிகள், இன்ஃபோசிஸ் மைசூரில், டிசிஎஸ் திருவனந்தபுரத்தில் என்று, ஃப்ரெஷர்களை பேட்ச் பேட்சாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும். சொந்த சாஃப்ட்வேரை விற்கும் புராடக்ட் கம்பெனிகளில் பெரும்பாலும் கொஞ்ச நாள் ஓரியன்டேஷன், அப்புறம் டீம்தான். ஃபேஸ்புக் 2008இல் தொடங்கிய பூட்கேம்ப் என்ற பயிற்சி ஆறு வாரம் நடந்தது; சேர்ந்தவர்கள் நிஜமான பக்குகளை, அதாவது கோடில் உள்ள பிழைகளை, திருத்திக்கொண்டே தங்கள் டீமைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) என்ற டூலைக் கல்லூரியில் பழகிவிட்டுப் போனால், அதே வேலைக்குக் கூகுளில் பைப்பர், மெட்டாவில் (ஃபேஸ்புக்கின் இப்போதைய பெயர்) சேப்ளிங் என்று சொந்த டூல்கள். அனுபவத்தோடு வருபவரும் அங்கே முதலிலிருந்துதான் பழக வேண்டும். ஆகவே தாமதம் உங்கள் திறமைக்குறைவு அல்ல.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், பிறகு கோயம்புத்தூரில் இன்ஜினியரிங். பெங்களூரில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். எனக்கு வழிகாட்ட வேண்டிய மென்டர், கம்பெனிக்குள் எல்லோரும் எழுதித் திருத்தும் குறிப்புப் பக்கமான விக்கியின் லிங்க் ஒன்றை அனுப்பிவிட்டு லீவில் போய்விட்டார். அதில் சொன்ன டூல் ஒன்றை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். பர்மிஷன் தர வேண்டியவர் கம்பெனியை விட்டே போயிருந்தார். பில்டு, அதாவது கோடை ஓடும் சாஃப்ட்வேராக மாற்றும் வேலை, ஓடவே இல்லை. பக்கத்தில் ஒருவரிடம் கேட்டேன். தலையைத் தூக்காமலே, "எல்லாம் டாக்குமென்ட்டில் இருக்கு" என்றார். அந்த ஒரு வரி பல நாள் உறுத்தியது.

அதற்கப்புறம் தனித்தனியாகக் கேட்பதை விட்டேன். எந்தக் கமாண்ட், என்ன எரர், எதைச் செய்தபோது சரியானது என்று வரிசையாக எழுதி டீம் சேனலில் போட்டேன். விஜயவாடாக்காரர் ஒரு சீனியர், "அந்தப் பக்கத்தை யாரும் தொடுவதே இல்லை, நீங்களே திருத்திவிடுங்கள் தம்பி" என்றார். டீமுக்கு நான் கொடுத்த முதல் வேலை கோடு இல்லை, அந்த விக்கிப் பக்கம். அதற்குப் பிறகுதான் ஒரு ரிப்போர்ட்டில் டைம் ஜோன் குழப்பத்தால் தேதி தவறும் சின்ன பக்கைக் கொடுத்தார்கள். என் கோடை மற்றவர்கள் சரிபார்க்கும் ரிவ்யூவில் மாறியின் (வேரியபிள்) பெயர் வரைக்கும் குறை சொன்னார்கள், எல்லாவற்றையும் திருத்தினேன். எனக்கு அடுத்து சேர்ந்த பெண் அந்தப் பக்கத்தை வைத்து ஒரே மதியத்தில் பில்டு ஓட்டிவிட்டாள்.

விக்கி திருத்தியதெல்லாம் ஒரு சாதனையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சாதனைதான். புதிதாக வந்தவன் கண்ணுக்குத்தான் அந்த ஓட்டைகள் தெரியும். பழகியவர்களுக்கு மறந்தே போயிருக்கும். எல்லா டீமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல மென்டர் கிடைத்தவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம்.

அந்த நாட்களில் மனசு சரியில்லாதபோது ஊருக்குப் போய்வருவதும் லேசாக இல்லை. எங்கள் பக்கமாகப் போகும் பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காக 2008இல் மூடினார்கள், 2015இல்தான் திறந்தார்கள். முன்பு ஓடிய ரயில்கள் பல திரும்பி வரவே இல்லை. பளபளவென்று தண்டவாளம் கிடக்கிறது, நாங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் தமிழர்களுக்காகப் பேச யாரும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜருடன் நீங்கள் மட்டும் பேசும் அடுத்த ஒன்-ஆன்-ஒன் மீட்டிங்கில், மூன்றாம் மாத முடிவில் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று நேராகக் கேட்டு, பதிலை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வராத ஆக்சஸ் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் (நீங்கள் பதிவு செய்த கோரிக்கை) நம்பரோடு தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஏன் தாமதம் என்று யாராவது கேட்டால் அதைக் காட்டலாம்.