3,500 கிலோ இழுக்கும் வண்டிக்கு 2,300 கிலோ டிரெய்லர் பொருந்துமா?

வண்டியின் இழுவைத் திறன் 3,500 கிலோ, பார்த்து வைத்திருக்கும் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) 2,300 கிலோ, தாராளமாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கிட்டத்தட்ட இதே இரண்டு எண்களை நம்பி வாங்கியவன் நான்.

அந்த 2,300 காலி டிரெய்லரின் எடை. தண்ணீர், பேட்டரி, பாத்திரம், போர்வை எதுவும் பெரும்பாலும் அதில் சேராது. தண்ணீர் மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ. பயணத்துக்குத் தயாராக எடைமேடையில் ஏற்றியபோது என்னுடையது 2,780 கிலோ காட்டியது.

அப்போதும் 720 கிலோ மிச்சம்தானே என்பீர்கள். இழுப்பதில் மிச்சம்தான், நான் மாட்டியது சுமப்பதில். டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு, அதன் முன்பக்கத்தை வண்டியோடு பூட்டும் ஹிட்ச் என்ற இணைப்பு வழியாக வண்டியின் மேல் உட்காரும். அமெரிக்க வழக்கப்படி அது மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். எனக்கு 360 கிலோ. ஹிட்ச்சின் சொந்த எடை 40. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஆட்களும் சாமானும் சேர்த்து 610 கிலோதான் ஏற்றலாம் என்றது. மீதி 210. நாங்கள் நால்வரே 245 கிலோ! பெட்டிகளை இன்னும் எண்ணவே இல்லை. "இந்த வண்டி அநாயாசமாக இழுக்கும்" என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை, அவ்வளவுதான்.

முன்பக்கச் சுமையைக் குறைக்கச் சாமானைப் பின்னால் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அதை ஒருமுறை அனுபவித்தால் போதும். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை (ஏர் பேக்), கூடுதல் ஸ்பிரிங் எல்லாம் வண்டியின் பின்புறத்தைத் தூக்கிக் காட்டும். தயாரிப்பாளர் வைத்த வரம்பு மாறாது.

வாங்கும் முன் உங்கள் வண்டியின் ஸ்டிக்கரைப் பாருங்கள். விளம்பரப் புத்தகம் வேண்டாம். ஒரே மாடலிலும் சன்ரூஃப் போன்றவை கூடக் கூட இந்த எண் குறையும். டிரெய்லருக்குக் காலி எடையை விட்டுவிட்டு, அதற்கு அனுமதித்த அதிகபட்ச எடையில் 13 சதவீதத்தை ஹிட்ச் வழியாக வரும் சுமையாகப் போட்டுக் கணக்குப் பாருங்கள். வாங்கியபின் பூட்டிய நிலையில் ஒருமுறை, வண்டியை மட்டும் தனியாக ஒருமுறை எடை போட்டால், வித்தியாசம்தான் டிரெய்லரின் உண்மை எடை. அப்புறம் ஒவ்வொரு அச்சின் வரம்பையும் சரிபாருங்கள். பெரும்பாலும் பின் அச்சுதான் முதலில் நிரம்பும்.

நான் கடைசியில் சின்ன டிரெய்லருக்கு மாறிவிட்டேன்.