நிரல் எழுதும் சுகம் எங்கே போயிற்று? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இரண்டு மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: கணினிக்கான கட்டளைகளை, அதாவது நிரலை, ஏ.ஐ. கருவிகளே எழுதித் தரும்போது, அதை எழுதும் சுகம் என்ன ஆகிறது? ஆகையால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இம்முறை அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயர் மட்டுமே தரப்படுகிறது.

*கேள்வி:* பதினொரு ஆண்டுகளாக மென்பொருள் எழுதுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு ஊரிலேயே இருந்துகொண்டு சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு பிழை பிடிபடாவிட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது. பிடிபட்டுவிட்டால் சந்தோஷத்தில் தூக்கம் வராது. ஓராண்டாக ஏ.ஐ. கருவியிடம் சொல்லித்தான் நிரல் எழுத வேண்டும் என்று உத்தரவு. வேலை நடக்கிறது, சம்பளம் வருகிறது. ஆனால் மாலையில் மடிக்கணினியை மூடும்போது நான் எதையும் செய்ததாகவே தோன்றுவதில்லை. இது வயதின் அலுப்பா, கருவியின் குற்றமா?
(வாசகி, மன்னார்குடி)

*பதில்:* வயதின் அலுப்பு என்றால் சம்பளமும் சேர்ந்து அலுத்திருக்கும். உங்களிடமிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். "வெறும் கருவிதானே, பழகினால் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்குப் பிழையைப் பிடித்து, எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் தவித்த அனுபவம் இல்லாதவர்கள். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1974-இல் ஏற்று ஆற்றிய உரையின் பொருளே நிரலெழுதுவது ஒரு கலை என்பதுதான். கவிதையோ இசையோ இயற்றுவதைப் போன்ற நிறைவை அது தர முடியும் என்று அவர் வாதிட்டார். எனவே உங்கள் ஏக்கம் இன்று நேற்றைய பிள்ளைகளின் செல்லம் அல்ல, அதற்கு அரை நூற்றாண்டுக் கௌரவம் உண்டு.

ஆனால் அந்தச் சுகம் எந்த இடத்தில் இருந்தது என்று துல்லியமாகப் பார்க்க வேண்டும். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தபோது பழைய பத்திரங்களை எடுத்தோம். அவற்றில் நிலமெல்லாம் வேலி, மா, குழிக் கணக்கில் இருந்தது. பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும். ஒன்றை மற்றொன்றாக மாற்றித்தர ஒரு சிறு நிரல் எழுதும்படி ஏ.ஐ. கருவியிடம் சொன்னேன். அரை நிமிடத்தில் நிரலும் வந்தது, அதைச் சரிபார்க்கும் சோதனைகளும் வந்தன, அத்தனை சோதனைகளும் தேறிவிட்டதாகப் பச்சை விளக்கும் எரிந்தது. பாபநாசத்துப் பக்கம் இருக்கும் மூன்று மா நிலத்தை உள்ளிட்டேன். ஏறத்தாழ நான்கு ஏக்கர் என்று விடை வந்தது. எதிரே ஈஸிசேரில் சாய்ந்திருந்த பெரியப்பா, "ஏன்டா, நம்ம நெலம் எப்போடா குட்டி போட்டுது?" என்றார்.

மூன்று மா என்றால் ஒரு ஏக்கருக்குச் சற்றே குறைவு என்பது தஞ்சைச் சீமையில் வரப்பில் நடந்த எவருக்கும் தெரியும். இங்கே குழி என்பது 12 அடிக் கோலால் அளந்தது, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, கிட்டத்தட்ட 33 சென்ட்; இருபது மா ஒரு வேலி. கருவி எடுத்துக்கொண்டதோ செங்கல்பட்டுப் பக்கத்துக் குழி. அங்கே கோல் 24 அடி, குழி 576 சதுர அடி, நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. தொண்டை மண்டலத்துக் காணியைக் கொண்டுவந்து காவிரிக் கரையில் மா என்று பெயரிட்டுவிட்டது. சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை என்றால், அவையும் அதே 576-ஐ நம்பியே எழுதப்பட்டிருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். (இது அந்த வேலி, நில அளவு வேலி அல்ல.)

திருத்தம் ஒரே ஒரு எண். ஆனால் "சரியாக நான்கு மடங்கு ஏன் வர வேண்டும்?" என்று யோசித்து, கோல் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், அப்படியானால் எங்கோ 24 அடிக் கோல் ஒளிந்திருக்கிறது என்று மனத்தில் தட்டுப்பட்ட அந்தக் கணம் இருக்கிறதே, அதுதான் நீங்கள் தேடும் சுகம். எழுபது வரிகளைத் தட்டச்சு செய்திருந்தால் அது இன்னும் பெருகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தவறு என்று தெரிவதற்கும் ஏன் தவறு என்று தெரிவதற்கும் நடுவில் கிடக்கும் அந்தத் துண்டு நேரத்தில்தான் அது குடியிருந்தது.

அப்படியானால் உங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? எனக்கு எதிரே பெரியப்பா இருந்தார், அவசரமும் இல்லை. உங்களுக்கோ நாளொன்றுக்குப் பத்து நிரல்கள் கருவியிலிருந்து வந்து விழுகின்றன. எந்தக் குழி எந்த ஊர்க் குழி என்று நின்று பார்க்க யாரும் நேரம் தருவதில்லை. எழுதுபவராக வேலைக்கு எடுத்தவரை, பெயர் மாற்றாமலேயே, மெய்ப்புத் திருத்துபவராக்கிவிட்டார்கள். (இந்தப் பத்திரிகையின் மெய்ப்புத் திருத்துநர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் விரும்பி வந்தவர்.) பிறர் எழுதிய நிரலைப் படிப்பது ஏ.ஐ. வருவதற்கு முன்பும் எங்கள் தொழிலில் எவரும் ஆசைப்பட்டுச் செய்யாத வேலைதான். ஆகவே என் தீர்ப்பில் பெரும்பங்குக் குற்றம் கருவிக்கு அல்ல, அதைக் காட்டி உங்கள் மீது ஏற்றப்பட்ட அவசரத்துக்கு.

அந்த அவசரமும் உண்மையான வேகம்தானா என்பது வேறு கேள்வி. மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அனுபவமுள்ள 16 நிரலாளர்கள் தாங்கள் நன்கறிந்த திறமூல (நிரல் யாவருக்கும் திறந்திருக்கும்) திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏ.ஐ. கருவியை அனுமதித்த வேலைகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லாம் முடிந்த பிறகும் அவர்கள் 20 விழுக்காடு சீக்கிரமாக முடித்ததாகவே நம்பினார்கள். அது அந்த ஆண்டுத் தொடக்கத்துக் கருவிகளை வைத்து, சிறு குழுவிடம் செய்யப்பட்டது; எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த பகுதியை நீங்களே எழுத அனுமதி கேட்பதற்கு அது போதும். கிடைக்காவிட்டால், சோதனைகளையாவது கருவி தொடங்குவதற்கு முன்பே உங்கள் கையால் எழுதிவிடுங்கள். படிவங்கள், தரவு வடிவ மாற்றங்கள் போன்ற சப்பென்ற வேலைகளை அதன் தலையில் கட்டலாம். பெரியப்பாவின் நாற்காலியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

*கேள்வி:* நடவு இயந்திரமும் கதிர் அறுக்கும் இயந்திரமும் வந்தபோதும் இப்படித்தானே புலம்பினோம்? இப்போது யாராவது பேசுகிறார்களா?
(வாசகர், திருவையாறு)

*பதில்:* புலம்பியது யார் என்று சரியாகச் சொல்ல வேண்டும். குறுவையில் இடுப்பொடியக் குனிந்து நட்ட பெண்கள், நடவின் இன்பம் போயிற்றே என்று அழவில்லை. கூலி போயிற்றே என்றுதான் கவலைப்பட்டார்கள். நடவுப் பாட்டு போயிற்று என்று உருகி எழுதியவர்கள் எல்லோரும் வரப்பின் மேல் நின்றவர்கள். நிரல் விஷயத்தில் சேற்றுக்குள் நின்றவர்களே வருந்துகிறார்கள் என்பதால் உவமை தொடக்கத்திலேயே நொண்டுகிறது.

இன்னொரு வகையில் அது பொருந்தவும் செய்கிறது. இயந்திர நடவுக்குப் பழைய நாற்றங்கால் உதவாது. பாய் நாற்றங்கால் போட வேண்டும், நாற்று பதினைந்து நாள் வயதில் இருக்க வேண்டும், வயல் மட்டமாக இருக்க வேண்டும், தண்ணீர் மெல்லியதாக நிற்க வேண்டும். வேலை ஒழியவில்லை, முன்னால் நகர்ந்தது. ஏ.ஐ.யிடம் வேலை வாங்குபவர்களும் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள்: என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே மட்டமாக்கி வைக்காவிட்டால் நாற்று மிதக்கிறது. ஆனால் இயந்திரம் விட்டுப்போன இடம் வரப்பில் ஒரு நடை நடந்தால் கண்ணுக்குத் தெரியும். நிரலில் விட்டுப்போனது அறுவடைக்குத்தான் தெரியும்.

உவமை வேண்டுமென்றால் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கக் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் 1952-இல் ஏ-0 என்ற தொகுப்பியை (மனிதர் எழுதியதை இயந்திர மொழியாக்கும் மென்பொருளை) உருவாக்கியபோதும், 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியை வெளியிட்டபோதும், இயந்திரமே இயந்திர மொழியை எழுதுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தொகுப்பியிடம் ஒரே நிரலை நூறு முறை கொடுத்தாலும் ஒரே விடைதான். ஏ.ஐ. கருவியிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு நிரல்கள் வரக்கூடும், இரண்டும் சரியாக இருக்கலாம், ஒன்றில் செங்கல்பட்டுக் குழி இருக்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "அப்போதும் இப்படித்தான்" என்பவர்களை நான் நம்புவதில்லை.

*கேள்வி:* எங்களுக்குப் பாத்திரக்கடை. பழைய பித்தளையை எடை போட்டுக் கழித்து, புதுப் பாத்திரத்துக்குச் செய்கூலி சேர்த்து பில் போட ஒரு செயலியை, கோடிங் ஒரு வரி தெரியாமல், ஏ.ஐ.யிடம் தமிழில் பேசியே மூன்று இரவுகளில் செய்துவிட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நிரலாளர்களின் சுகம் போனது பற்றியே எழுதுகிறீர்களே, எங்களுக்கு வந்த சுகம் கணக்கில் சேராதா?
(வாசகர், கும்பகோணம்)

*பதில்:* கட்டாயம் சேரும், அதைச் சேர்க்காமல் எழுதுவது தொழில்காரனின் கஞ்சத்தனம். நீங்கள் செய்ததற்கு 'வைப் கோடிங்' என்று ஏ.ஐ. ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி 2025 பிப்ரவரியில் பெயர் வைத்தார். பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடும் வார இறுதி முயற்சிகளுக்கு இது மோசமில்லை என்றுதான் அவர் சொன்னார். உங்கள் கல்லாப்பெட்டி வார இறுதி முயற்சி அல்லவே!

ஒன்று செய்து பாருங்கள். செயலியில் பித்தளை விலையை மாற்றிவிட்டு, போன மாதப் பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். பழைய தொகையே இருந்தால் நல்லது. புது விலைக்கு மாறியிருந்தால், விலையைப் பில்லோடு சேர்த்துச் சேமிக்காமல், ஒவ்வொரு முறையும் இன்றைய விலையைக் கொண்டே கணக்கிடுகிறது என்று பொருள். புதிதாக நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இது, கருவியும் விழும். ஆடிட்டர் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் கண்டுபிடித்துவிடுங்கள். கண்டுபிடித்து, காரணமும் புரிந்து, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் மன்னார்குடி வாசகியின் கடிதத்தை மறுபடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

*கேள்வி:* இயந்திரமே நிரல் எழுதுகிறது என்றால் என் பேரனுக்கு எதற்குச் சம்பளம்?
(வாசகர், மயிலாடுதுறை)

*பதில்:* தவறு வந்தால் திட்டு வாங்க ஆள் வேண்டுமே ஐயா, அதற்கு. விளையாட்டாகச் சொல்லவில்லை. பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இன்னும் மனிதர்தான் வேண்டியிருக்கிறது.

*கேள்வி:* பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் யாரும் சொந்தமாக நிரல் எழுதுவதில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தபோதே இந்தக் கருவிகள் இருந்தன. நீங்கள் எல்லோரும் சொல்லும் அந்தச் சுகம் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இழந்ததாக எப்படி வருந்துவது?
(மாணவர், நாகப்பட்டினம்)

*பதில்:* வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது இதைத்தான். வருந்த வேண்டாம் தம்பி. வருத்தம் எங்கள் தலைமுறையின் சொத்து, நாங்களே வைத்துக்கொள்கிறோம். உங்களுக்குத் தேவை ருசி பார்க்க ஒரு வாய்ப்பு. அதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம்.

கருவியை அணைத்துவிட்டுப் பைத்தான் என்ற நிரல் மொழியைத் திறங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஒரு ஃபார் லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) எழுதி, பத்தில் ஒன்றைப் பத்து முறை கூட்டுங்கள். (ஆயத்தமாக இருக்கும் கூட்டல் கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம், புதிய பதிப்புகளில் அது இந்த வேடிக்கையை மறைத்துவிடும்.) 1 வர வேண்டும் அல்லவா? வராது. 0.9999999999999999 என்று வரும். இப்போது நம் பாட்டன்மார் வாய்ப்பாட்டிலிருந்து வீசத்தை, அதாவது பதினாறில் ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பதினாறு முறை கூட்டினால் இம்மியும் பிசகாமல் 1 வரும். அரைக்காலை எட்டு முறை கூட்டினாலும் அப்படியே. இருபதில் ஒன்றுக்கு 'மா' என்று பெயர். வேலியில் இருபதில் ஒரு பங்குதான் நில அளவிலும் மா. அந்த மாவைக் கணினி வீசத்தின் கட்சியில் சேர்க்குமா, பத்தில் ஒன்றின் கட்சியில் சேர்க்குமா என்று கூட்டிப் பார்க்காமலேயே சொல்ல முயலுங்கள். அதே வாய்ப்பாட்டில் காணி (செங்கல்பட்டு நில அளவு அல்ல, பின்னம்) எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அவற்றையும் பிரித்து வையுங்கள்.

காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. கருவியிடம் கேட்டால் மூன்று நொடியில் சொல்லிவிடும். ஒரே ஒரு நாள் கேட்காமல் இருங்கள். ஒரு தாள், ஒரு பேனா, கணினி எண்களை இரண்டின் அடிமானத்தில் எழுதி வைக்கிறது என்ற ஒரு குறிப்பு, இவை போதும். கண்டுபிடித்ததும் எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். விடையை எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும். இரவு எத்தனை மணிக்குக் கிடைத்தது, வீட்டில் யாரை எழுப்பினீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.